கை மட்டும் தெரிந்தவர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்கள் சொல்வது நான்கைந்து விஷயங்கள்தாம். ராமேஸ்வரம் கோயில், பாம்பன் பாலம், சேதுபதி அரண்மனை, கருவாடு, தண்ணீர்ப் பஞ்சம். எங்கள் காலத்தில் மேலதிகாரி கோபித்துக்கொண்டால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார். எந்தக் காடு என்று யாரும் விளக்கம் கேட்டதில்லை.

இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. தமிழ் பேசும் முகமூடி வீரர்கள், மாயாவிகள், இரும்பு மனிதர்கள் பலருக்கும் பிறந்த மாவட்டம் இதுதான். 1985 மார்ச்சில் பிரிக்கப்படும்வரை சிவகாசி பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சிவகாசியில் 1972இல் எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. 1984 ஜூலையில் அவர் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். மாவட்டம் மூன்றாவதற்குள் இரண்டும் வந்துவிட்டன. தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் என்று ஊருக்கெல்லாம் அனுப்பிய அந்த ஊர், எங்களுக்கு மாயாவியையும் அனுப்பியது.

இந்தக் கதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதாநாயகர்களைப் பற்றி எழுதுகிறார்கள். மாயாவி எப்படித் தப்பினான், ஸ்பைடர் யாரைப் பிடித்தான் என்று. நான் எழுத நினைப்பது அவர்களை வரைந்த கைகளைப் பற்றி.

1970களின் நடுவில் நான் ராமேஸ்வரத்துக்கு மாற்றலாகி வந்தேன். படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். அங்கே பள்ளி நூலகத்தில் தென்தென் புத்தகங்கள் உண்டு. நீங்கள் டின்டின் என்பீர்கள். அதை வரைந்த பெல்ஜியக்காரர் எர்ழே தன் பெயரை அட்டையிலேயே போட்டிருப்பார். ழோர்ழ் ரெமி என்ற பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக மாற்றினால் எர்-ழே, அதுவே புனைபெயர். படக்கதை என்றால் வரைந்தவர் பெயரும் அதில் இருக்கும் என்பது எனக்கு அப்படிப் பழகிய விஷயம்.

ராமேஸ்வரத்தில் அப்போது சாலைப் பாலம் கிடையாது. 1988இல்தான் திறந்தார்கள். அதுவரை பத்திரிகைக் கட்டும் எங்களைப் போலவே ரயிலில்தான் தீவுக்குள் வந்தது. பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் போட்டு, வார இதழ்களுக்கு நடுவே முத்து காமிக்ஸும் தொங்கும். கடற்காற்றில் பத்து நாளில் ஸ்டேபிள் பின் துருப்பிடித்து, நடுப் பக்கத்தில் செம்பழுப்புக் கறை இறங்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தைத்தான் முதலில் வாங்கினேன். படித்து முடித்ததும் வரைந்தவர் பெயரைத் தேடினேன். முன்னட்டை, பின்னட்டை, உள்பக்கம், கடைசிக் கட்டத்தின் மூலை எங்கும் இல்லை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. இங்கிலாந்தில் ஃப்ளீட்வே நிறுவனத்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962 அக்டோபரில் இந்தத் தொடர் ஆரம்பித்தது. எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயினின் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹேசுஸ் பிளாஸ்கோ. 1919இல் பிறந்தவர். அவருடைய உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள், வேலையில் கைகொடுத்தார்கள்.

ஓவியனுக்கு இந்தக் கதை எவ்வளவு பெரிய சோதனை என்று யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் முக்கால்வாசி நேரம் கண்ணுக்குத் தெரியமாட்டான். முகம் கிடையாது, ஆகவே கோபம், பயம், களைப்பு எதையும் முகத்தில் காட்ட வழியில்லை. காற்றில் ஒரு கை மட்டும் மிதக்கும். நாடகக் கொட்டகையில் இப்படி ஒரு நடிகரை மேடையேற்றினால் என்ன செய்வார்?

பிளாஸ்கோ செய்தது இது. விரல்களுக்கு நடிப்பைக் கொடுத்தார். மாயாவி ஓடும்போது அந்தக் கை முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பதுங்கும்போது தரையோடு தாழ்ந்து விரல்கள் லேசாக மடங்கியிருக்கும். கோபத்தில் விரல்கள் விரிந்து நகம்போல் வளையும். கை இருக்கும் உயரத்தை வைத்தே ஆள் நிற்கிறானா, மண்டியிட்டிருக்கிறானா என்று சொல்லிவிடலாம். இல்லாத உடம்பை மனத்துக்குள் அளந்து பார்க்காமல் அந்தக் கையை அந்த இடத்தில் வைக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர்களின் முகங்களில் மாயாவியின் முகத்துக்குரிய வேலையையும் சேர்த்து வாங்கியிருப்பார். காவலாளியின் விரிந்த கண்ணே மாயாவி எங்கே நிற்கிறான் என்பதைக் காட்டிவிடும்.

கிராண்டேல் கண்ணுக்குத் தெரிகிற கட்டங்களும் கவனிக்க வேண்டியவை. அமெரிக்க வீரர்களைப் போல் பயில்வான் உடம்பு கிடையாது. ஒட்டிய கன்னம், நெற்றியில் விழும் முடி, கசங்கிய கோட்டு. ஆரம்பத்தில் அவன் நல்லவனும் இல்லை. புதிய சக்தி கிடைத்ததும் திருடப் போகிறவன். அந்தத் தடுமாற்றம் முகத்தில் தெரியும். பின்னணியில் மழை நனைத்த தெரு, விளக்குக் கம்பத்தடியில் விழும் நிழல், துறைமுகத்துக் கயிறு. வார இதழின் காகிதம் மட்டமானது. மெல்லிய சாம்பல் நிறமெல்லாம் அதில் சேறாகிவிடும். ஆகவே கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் பிரித்து நிறுத்த வேண்டும். தூரிகையால் பெரிய கறுப்புத் திட்டுகள், அவற்றின் விளிம்பில் பேனாவால் கீறிய கோடுகள். இரவை அவர் வரைந்ததில் பாதி, வரையாமல் விட்ட வெள்ளைதான்.

இத்தனையும் செய்தவர் பெயர் எங்கும் இல்லாததற்கு அச்சகத்துக் கவனக்குறைவு காரணமில்லை. அது அந்த நாட்டுப் பதிப்பகங்களின் வழக்கம். ஓவியர் கையெழுத்திட அனுமதியில்லை. மூலையில் பெயரைப் போட்டு அனுப்பினால் அலுவலகத்தில் வெள்ளை மை தடவி அழித்துவிடுவார்கள். வாசகனுக்கு ஓவியர் பெயர் தெரிந்தால் ஓவியரின் விலை ஏறும், போட்டிப் பத்திரிகை கூப்பிடும் என்பது கணக்கு. ஸ்பெயின், இத்தாலி ஓவியர்களை ஏஜென்சிகள் மூலம் பிடித்தார்கள். பவுண்டில் வருகிற கூலி அவர்கள் ஊரில் நல்ல தொகை. லண்டன் முதலாளிக்கும் அது மலிவு. பிரிட்டிஷ் வார இதழ்களில் இந்த வழக்கம் உடையத் தொடங்கியது 1977இல் வந்த '2000 ஏடி' என்ற இதழில்தான். அதில்தான் எழுதியவர், வரைந்தவர், எழுத்து பொறித்தவர் எல்லோர் பெயரையும் முறையாகப் போட ஆரம்பித்தார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு தூக்கியவனுக்கு இது ஆச்சரியமான விஷயம். அரசு அலுவலகத்தில் பெயர் இல்லாத வேலை கிடையாது. குறிப்பு எழுதுகிற உதவியாளர் இடது ஓரத்தில் சுருக்கொப்பம் இடுவார், அதிகாரி வலது ஓரத்தில். டைப் அடித்தவரும் ஒப்பிட்டுப் பார்த்தவரும் கடித நகலின் அடியில் முதலெழுத்தைப் போடுவார்கள். இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்க அனுமதி கேட்கும் தாளில் ஐந்து பேர் கை இருக்கும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் இரவைக் களவாடிய பக்கத்தில் ஒரு கையெழுத்தும் இல்லை.

சிவகாசிக்குமே இது புதிது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஊர் அச்சகங்களில் காலண்டராக ஓடிய சாமி படங்களை எடுத்துப் பாருங்கள். கோவில்பட்டி சி. கொண்டையராஜு வரைந்த மீனாட்சி கல்யாணத்திலும் முருகன் படத்திலும் அவர் பெயர் ஓரத்தில் இருக்கும். சீடர்கள் வரைந்தவற்றில் சீடர்களின் பெயர். பூஜையறையில் சாமியைக் கும்பிடும்போதே ஓவியர் பெயரையும் படித்துப் பழகியவர்கள் நாம். வார இதழ்களில் கோபுலு, மணியம், சில்பி என்ற கையெழுத்துகளைத் தேடிப் பார்த்தவர்கள். ஒரே ஊர் மையில், ஒரே மாதிரி எந்திரத்தில், ஒரு பக்கம் பெயருள்ள படங்களும் இன்னொரு பக்கம் பெயரில்லாத படங்களும் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

இரண்டாவது கை ரெஜ் பன் என்ற ஆங்கிலேயருடையது. லயன் காமிக்ஸ் மூலம் நமக்கு அறிமுகமான ஸ்பைடரை வரைந்தவர். கூரிய காது, வளைந்த புருவம், கறுப்பு உடை, முதுகில் வலைத் துப்பாக்கி, கூடவே பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கையாட்கள். உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று புறப்பட்டு, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடுகிறவன். இங்கிலாந்தின் 'லயன்' வார இதழில் 1965இல் வந்தான்.

பிளாஸ்கோ கறுப்பைத் திட்டாக வைத்தார் என்றால் பன் கோடு கோடாக நெய்தார். பேனா முனையால் நெருக்கமாக இழுத்த சிறு கோடுகள். ஒரு சாய்வில் ஒரு வரிசை, அதன் குறுக்கே இன்னொரு வரிசை. பாயில் கோரை ஓடுவதுபோல் இருக்கும். ஸ்பைடரின் உடையில் கோடு உடம்பின் வளைவைப் பின்பற்றும், பாழடைந்த கோட்டையின் சுவரில் கல்லின் சொரசொரப்பைப் பின்பற்றும். தூரத்தில் பார்த்தால் நிழல், கிட்டத்தில் பார்த்தால் வெறும் கோடுகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கத் தகுந்தவை. காரைக்காலில் எங்களுக்கு ஓவிய வகுப்பில் தொட்டெழுதும் பேனாவும் இந்தியா மையும் கொடுத்து, ஒரு முட்டையை வெறும் கோடுகளால் உருட்டிக் காட்டச் சொல்வார்கள். பிரெஞ்சில் அந்த மைக்குச் சீனா மை என்று பெயர், அது வேறு கதை. ஒரு முட்டை உருளுவதற்கே ஒரு வாரம் ஆகும். பன் வாராவாரம் பக்கங்களை நிரப்பியிருக்கிறார்.

அவர் 1971இல் இறந்தார். அடுத்த வருஷம்தான் முத்து காமிக்ஸே பிறக்கிறது. தன் ஸ்பைடர் சிவகாசியில் தமிழ் பேசுவான், பாம்பனில் மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் அவனைப் படிப்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஸ்பைடர் கதைகளில் முதல் இரண்டை எழுதியவர் டெட் கோவன். பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், ஓவியர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். 1938இல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் அந்த இரண்டு இளைஞர்களும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பின்னர் வழக்குப் போட்டதில் அவர்கள் பெயரும் கதைகளிலிருந்து போயிற்று. ஷஸ்டரின் கண்பார்வை மங்கியது. சீகல் கிடைத்த இடத்தில் எழுதினார். அப்படித்தான் அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்த ஆங்கில வார இதழ் வரை வந்து, ஸ்பைடர் வழியாகத் தமிழுக்கும் வந்து சேர்ந்தார். 1975 டிசம்பரில், சூப்பர்மேனைப் பெரிய செலவில் திரைப்படமாக எடுக்கப் போகிற சமயத்தில், அமெரிக்க ஓவியர்களும் பத்திரிகைகளும் குரல் கொடுத்ததால், இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. படைத்தவர்கள் என்ற பெயரும் திரும்ப அச்சேறியது. ஓய்வூதியத்தின் அருமை தெரிந்தவன் என்ற முறையில் அந்தத் தொகையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் பெயர் திரும்பி வந்ததுதான் பெரிது.

மூன்றாவதாக வேதாளர். மாயாவி என்றும் தமிழில் அழைத்தார்கள். லீ பாக் 1936 பிப்ரவரியில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் தொடங்கிய தொடர். இந்தியாவில் 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸை இவரை வைத்துத்தான் ஆரம்பித்தது. பிரெஞ்சில் இவருக்கு 'லெ ஃபாந்தோம் து பெங்கால்' என்று பெயர், அதாவது வங்காளத்து ஆவி. மூலக்கதையில் இவருடைய காட்டுக்கு வங்காளத்தை ஒத்த பெயர். இந்தியப் பதிப்பில் சங்கடம் வேண்டாம் என்று அதை டெங்காலி ஆக்கினார்கள்.

வேதாளருக்கு உள்ள விசேஷம், ஒரே முகம் பல கைகளுக்கு மாறியது. கதைப்படி அவர் சாவதே இல்லை என்று காட்டுவாசிகள் நம்புவார்கள். உண்மையில் தந்தை இறந்தால் மகன் அதே முகமூடியை அணிகிறான். வரைந்தவர்கள் கதையும் அதேதான். முதலில் ரே மூர். மெல்லிய, இருண்ட கோடுகள், எப்போதும் சாயங்காலம் போன்ற ஒரு வெளிச்சம். அடுத்து வில்சன் மெக்காய். தட்டையான எளிய உருவங்கள், குழந்தை வரைந்ததுபோல் ஒரு நேர்மை. 1961இல் அவர் இறந்ததும் சை பாரி வந்தார். 1994 வரை அவர்தான். புலியின் தசை, குகையின் பாறை, குதிரையின் பிடரி என்று எல்லாவற்றையும் திடமாக நிறுத்தியவர். இந்தியாவில் வேதாளர் என்றதும் நம் மனதில் வருகிற உருவம் பெரும்பாலும் பாரியுடையது. மூவர் பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்தால், முகமூடிக்குள் ஆள் மாறியது சட்டென்று தெரிந்துவிடும்.

நிறம் ஊருக்கு ஊர் மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். லீ பாக் மனதில் இருந்தது சாம்பல் நிறம். 1939இல் ஞாயிறு மலரில் வண்ணத்தில் வந்தபோது ஊதா ஆகிவிட்டது. இத்தாலியில் சிவப்பு உடை, ஸ்வீடனில் நீலம். அச்சகம் எந்தச் சாயத்தை ஊற்றினாலும் ஆள் வேதாளர்தான் என்று தெரிந்தது. அடையாளம் கோட்டில் இருந்ததுதான் காரணம்.

சிவகாசிப் பதிப்பாளர்கள் இந்தக் கோடுகளை நம்மிடம் கொண்டு சேர்க்கப் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. பெரிய வார இதழ்ப் பக்கத்துக்காக வரைந்ததைக் கையடக்கப் புத்தகத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். ஆங்கிலம் இருந்த பலூனில் தமிழை நிரப்ப வேண்டும். நம் சொற்கள் நீளமானவை, பலூன் வளராது. முல்லை தங்கராசன் போன்றவர்கள் அந்த ஆரம்ப நாட்களில் அதைச் செய்தார்கள். சில இதழ்களில் கறுப்போடு இன்னொரு வண்ணமும் சேர்த்து அச்சிட்டார்கள். அட்டைக்கு உள்ளூர் ஓவியர்கள் புதிதாக வண்ணத்தில் தீட்டினார்கள். லயன் அட்டைகளில் மாலையப்பன் கைவண்ணத்தைப் பல வருஷம் பார்த்திருக்கிறோம். இந்திரஜால் அட்டைகளுக்கு பி. கோவிந்த். வெளிநாட்டு வீரர்களுக்கு இவர்கள் கொடுத்த மஞ்சளும் சிவப்பும் தீப்பெட்டி லேபிளின் உறவுமுறை.

பிரெஞ்சு பேசும் நாடுகளில் படக்கதைக்கு ஒன்பதாம் கலை என்று பெயர். கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, சினிமா என்ற வரிசையில் அதற்கும் ஓர் எண். 'ஸ்பிரு' என்ற பெல்ஜிய வார இதழில் 1964இல் அந்தத் தலைப்பிலேயே ஒரு பகுதியைத் தொடங்கி, பழைய படக்கதை ஓவியர்களை அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் மோரிஸ். லக்கி லூக்கைப் படைத்தவர். லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு லக்கி லூக் வீட்டுப் பிள்ளை. கௌபாய்க்குக் குதிரையும் துப்பாக்கியும் வரைந்துகொண்டிருந்தவர், தன் தொழிலில் முன்னோடிகள் யார் என்று பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தார். மரியாதை இப்படித்தான் தொடங்குகிறது. எண் கொடுத்ததால் மட்டும் எதுவும் கலையாகிவிடாது. யார் செய்தது என்று கேட்க ஆரம்பிக்கும்போது ஆகிறது.

நமக்கு இப்போது அது சுலபம். உலகம் முழுதும் ரசிகர்கள் உட்கார்ந்து, கையெழுத்தில்லாத பக்கங்களைக் கோட்டை வைத்தே அடையாளம் கண்டு, இது இன்னார் வரைந்தது, இந்தக் கட்டத்தை வேறொருவர் முடித்தது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். விரல் ரேகை நிபுணர் வேலை. பழைய புத்தகங்களும் மறுபதிப்பாக வருகின்றன. முத்து காமிக்ஸுக்கு 2022இல் 50 வயது நிறைந்தது.

வீட்டில் பழைய பிரதி ஏதாவது இருந்தால் ஒன்று செய்யுங்கள். கதையை விட்டுவிட்டு ஒரே ஒரு கட்டத்தை மட்டும் இரண்டு நிமிஷம் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தக் கோடு தடித்துத் தொடங்கி மெலிந்து முடிகிறது, எதை வரையாமல் விட்டிருக்கிறார் என்று. பிறகு பக்கத்தைத் திருப்பினால் கதை வேறு மாதிரி ஓடும்.

என் அலமாரியில் இருக்கிறவை முப்பதுக்குக் கொஞ்சம் மேல். உப்புக்காற்றுக்குத் தப்பியவை. ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். ஓவியம்: ஹேசுஸ் பிளாஸ்கோ, 1919–1995. ஓவியம்: ரெஜ் பன், 1905–1971. பதிவேட்டில் விடுபட்டதைச் சேர்த்து எழுதும்போது கீழே சுருக்கொப்பம் இடுவது அலுவலக முறை. அதையும் இட்டிருக்கிறேன்.